ஆசிரியை இல்லாத அறை

ஸ்காபரோ

அன்புத் தோழிக்கு,

உன்ர கடிதம் கிடைச்சது. மகளுக்குக் கனடா விசா சரிவந்ததில எங்கட வீட்டில எல்லாருக்கும் சந்தோசம். இங்க வந்து அவள் என்ன வேலைக்குப் போகலாம் எண்டு கேட்டிருந்தாய். யாழ்ப்பாணத்தில செய்யிற அதே முன்பள்ளி வேலையை விடவேண்டாம் எண்டு சொல்லு.

ரொறன்ரோவில இப்ப ஆள் கிடைக்காமல் தேடுற வேலை அதுதான். நான் வேலை செய்யிற டேகெயாரில ஓர் அறை பூட்டிக் கிடக்குது. மேசை, பாய், விளையாட்டுச் சாமான் எல்லாம் இருக்கு. இடம் கேட்டுப் பெயர் குடுத்த பெற்றோரும் கனபேர். ஆசிரியைதான் இல்லை. இரண்டரை வயது தாண்டின 24 பிள்ளையளுக்கு மூண்டு பேர் நிக்கவேணும், அதில இரண்டு பேர் தகுதி பெற்றவையாய் இருக்கவேணும் எண்டது இங்கத்தைச் சட்டம். ஆள் இல்லையெண்டு அந்த விதியைத் தளர்த்தச் சொல்லுகினம் சிலர். எனக்கு அதில துளியும் உடன்பாடில்லை. பேச்சுப் பிந்தின பிள்ளை எது, கூச்சத்தில பேசாமல் இருக்கிற பிள்ளை எது எண்டு பிரிச்சறியப் படிப்பும் பழக்கமும் வேணும். உனக்குத் தெரியாததே!

2022இல எங்கட மாகாணமான ஒன்ராறியோ, கனடா மத்திய அரசோட ஒப்பந்தம் போட்டு டேகெயார்க் கட்டணத்தைக் குறைக்கத் தொடங்கினது. கைக்குழந்தைக்கு மாசம் 1,500 டொலருக்கு மேல கட்டின நகரம் இது. 2025இல இருந்து, திட்டத்தில சேர்ந்த இடங்களில ஒரு நாளைக்கு ஆகக்கூடியது 22 டொலர். தாய்மாருக்கு அது பெரிய ஆறுதல், நல்ல காரியம். ஆனால் பிள்ளையளைப் பாக்கிறவையை ஆர் யோசிச்சது? முன்பள்ளி ஆசிரியை டிப்ளோமாவுக்கு இரண்டு வருசம் படிக்கவேணும். படிச்சு வந்தால் டேகெயாரில அடிமட்டச் சம்பளம் மணிக்கு 18 டொலர் எண்டுதான் 2022இல வச்சவை. 2024இல 23.86 ஆக்கினவை. இந்த நகரத்து வாடகைக்கு அதுவும் காணாது. பாலர் வகுப்புக்கு ஆள் எடுக்கிற பள்ளிக்கூடச் சபையள் கூடச் சம்பளமும் பென்சனும் குடுக்கேக்க, ஆர் எங்களோட நிப்பினம்? ஒரு ஆசிரியை போனால் அவவின்ர மடியில பழகின பிள்ளை நாள்கணக்கில அழும். அதைப் பாக்கேலாது.

ஊரில முன்பள்ளி நடத்தின எத்தனையோ எங்கட பெண்கள் இங்க தொழிற்சாலையில பெட்டி கட்டுகினம். தங்கட படிப்பு இங்கத்தை டிப்ளோமாவுக்கு ஈடானது எண்டு முன்பள்ளி ஆசிரியைமாரைப் பதியிற சபைக்குக் காட்ட, கடதாசி இல்லாமல் விட்டவை கனபேர். அவையைத் தேடிப் பிடிச்சு, விடுபட்ட பாடங்களை மட்டும் படிப்பிச்சாலே எத்தனை அறை திறக்கலாம்!

உன்ர மகளுக்கு அந்த நிலை வரக்கூடாது. பெறுபேறு, பாடத்திட்டம், வேலை செய்த கடிதம் எல்லாத்தையும் வெளிக்கிட முதல் முத்திரையோட எடுத்து, ஆங்கிலத்தில மொழிபெயர்ப்பிச்சு வைக்கச் சொல்லு. விண்ணப்பத்தை நான் கூட இருந்து நிரப்பிக் குடுப்பன். வீடு எடுக்கும்வரை எங்களோட நிக்கட்டும். பயணத் திகதி தெரிஞ்சவுடன ஃபோன் எடு.

அன்புடன்,
உன்ர பழைய வகுப்புத் தோழி