ஒப்புக்கொள்ளச் சொல்லும் முன் எங்களைப் படிக்க விடுங்கள்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். அரசின் இணையச் சேவைகளை வடிவமைப்பவர்கள், அவற்றுக்கு ஒப்புதல் தருபவர்கள், இ-சேவை மையங்களை மேற்பார்வையிடுபவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பார்வை குறைந்தவர்களுக்கு என்னென்ன செய்து தர வேண்டும் என்று சட்டமும் வழிகாட்டு நெறிகளும் சொல்வது உங்களுக்குத் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். திரையில் நீங்கள் வைக்கும் எழுத்தை எங்களால் படிக்க முடியவில்லை. படிக்கும்படி வையுங்கள்.

நான் குடியாத்தத்துக்காரி. தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சர்க்கரை நோய் விழித்திரை வரை போய்விட்டது. லேசர் வைத்து, மிச்சம் இருந்த பார்வையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், போனது போனதுதான். கண்ணாடி போட்டும் 6/60. நல்ல கண் 60 மீட்டர் தள்ளி நின்று படிப்பதை நான் 6 மீட்டருக்குள் வந்தால்தான் படிக்க முடியும். கண்ணாடி போட்ட பிறகும் பார்வை 6/18-க்கு மேல் ஏறாமல் 3/60 வரை இருப்பவர்களை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வை உள்ளவர்கள் என்கிறது. கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று எங்களிடம் சொல்லாதவர்களே இல்லை. மாற்ற வேண்டியது கண்ணாடியை அல்ல.

அண்மையில் ஒரு துறை தன் தளத்தைப் புதுப்பித்தது. பழைய தளம் பார்க்க அழகாக இருக்காது, ஆனால் வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து. Ctrl பொத்தானோடு கூட்டல் குறியைத் தட்டித் தட்டிப் பெரிதாக்கி, மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் கிட்டே போய், எப்படியோ என் வேலையை நானே முடித்துக்கொள்வேன். புதிய தளத்தில் எழுத்தெல்லாம் வெளிர் சாம்பல் நிறம், ஊசி முனையில் எழுதியதுபோல மெலிசு. பெரிதாக்கினால் மேலே இருக்கும் பட்டை பாதித் திரையை அடைத்துக்கொள்கிறது. படிவம் வலது பக்கம் ஓடிப்போகிறது. ஒரு வரியைப் படிக்க வலப்பக்கம் இழுக்க வேண்டும், அடுத்த வரிக்குத் திரும்ப இடப்பக்கம் இழுக்க வேண்டும். திரும்பி வருவதற்குள் எந்த வரியில் இருந்தோம் என்பது போய்விடும். செல்போனில் பார்க்கலாம் என்றால் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கும் வசதியையே அங்கே தடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தடை நிரலில் ஒரே ஒரு வரி. அதை யாராவது வேண்டுமென்றே எழுதினால்தான் அது அங்கே இருக்கும்.

சரி, வேறு வழியில்லை என்று இ-சேவை மையத்துக்குப் போனேன். என் கணவர் இறந்த பிறகு எடுக்க வேண்டியிருந்த ஒரு சான்றிதழ் அது. அங்கே இருந்த பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். வாசல் வரை வரிசை நின்றது, தளம் வேறு அடிக்கடி நின்றுவிட்டது. நான் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் அவள் அடித்தாள். கடைசியில் திரையை என் பக்கம் திருப்பி, "அம்மா, எல்லாம் சரியா இருக்குதா பாருங்க, சீக்கிரம் சொல்லுங்க, சைட்டு போயிடும்" என்றாள். நான் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் கொஞ்சம் கோடுகள் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம். 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தையும் படித்துப் பார்த்தேன், அவை உண்மை என உறுதியளிக்கிறேன்' என்பது அதன் பக்கத்தில் இருந்த வாசகம். அதையும் அந்தப் பெண்தான் எனக்கு வாசித்துச் சொன்னாள். அந்தக் கட்டத்தில் டிக் போடாமல் படிவம் மேலே போகாது. என் செல்போனுக்கு வந்த ஓடிபி எண்ணையும் அவளே எடுத்துப் பார்த்து அடித்தாள், டிக்கும் போட்டாள்.

சான்றிதழ் வந்தது. என் கணவர் பெயரில் இருக்க வேண்டிய மூன்று சுழி ண, இரண்டு சுழி ன ஆகியிருந்தது. அடுத்த அலுவலகத்தில் பெயர் ஒத்துப்போகவில்லை என்று கோப்பைத் திருப்பிவிட்டார்கள். திருத்தம் கேட்டுப் போனேன். "நீங்கதானேம்மா படிச்சுப் பார்த்து ஒப்புக்கிட்டீங்க? திரும்பவும் விண்ணப்பம் போடுங்க, கட்டணம் கட்டுங்க" என்றார்கள்.

ஐயா, அம்மா, இந்த ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். படிக்க முடியாத எழுத்தைப் படித்தேன் என்று என்னிடம் உறுதிமொழி வாங்குகிறீர்கள். பிழை வந்தால் அந்த உறுதிமொழியையே எனக்கு எதிராக நீட்டுகிறீர்கள். எழுத்தறிவில்லாத ஒருவரிடம் பத்திரத்தில் கைநாட்டு வாங்கும்போது கூட, முழுவதையும் வாசித்துக் காட்டி, அவருக்குப் புரிந்ததா என்று கேட்டு, அப்படிச் செய்ததை எழுதி வைப்பது வழக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்த மரியாதை கூடக் கிடைக்கவில்லை. என் கணவரின் பெயரை நானே சரிபார்க்க முடியாமல் போனதுதான் எனக்குப் பெரிய வேதனை. கட்டணம் அதற்குப் பிறகுதான்.

தமிழ் எழுத்தைப் பற்றி ஒரு ஆசிரியையாகவும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் எழுத்தில் பொருள் முழுக்கச் சின்னச் சின்ன இடங்களில்தான் நிற்கிறது. ப-வின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் அது வேறு எழுத்து. எ-வுக்கும் ஏ-வுக்கும் காலடியில் ஒரு சின்ன இழுப்புதான் வித்தியாசம். ண, ன இரண்டையும் ஒரு சுழிதான் பிரிக்கிறது. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த அதே எழுத்தளவை, அதே வரி இடைவெளியைத் தமிழுக்கும் போட்டால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். மேலே இருக்கும் விசிறியும் கீழே இருக்கும் சுழியும் அடுத்த வரியோடு இடித்துக்கொள்ளும், சில இடங்களில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும். அதையும் மெலிசான சாம்பல் நிறத்தில் போட்டால் நல்ல கண் உள்ளவர்களே தடுமாறுவார்கள். தமிழுக்கு எழுத்து கொஞ்சம் பெரிதாக வேண்டும், வரிக்கு வரி இடம் கூடுதலாக வேண்டும், நிறம் அழுத்தமாக வேண்டும்.

இதற்கெல்லாம் அளவு ஏற்கெனவே இருக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும், பெரிய எழுத்தாக இருந்தால் 3-க்கு 1 போதும், எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் எந்தத் தகவலும் எந்தப் பொத்தானும் மறையக் கூடாது என்று உலக அளவிலான இணைய அணுகல் நெறிகள் 2008-இலேயே சொல்லிவிட்டன. 400 சதவீதம் பெரிதாக்கினாலும் வலமும் இடமும் இழுக்க வைக்காமல் வரிகள் மடிந்து கீழே வர வேண்டும் என்பது 2018-இல் சேர்ந்தது. வெள்ளையில் கறுப்பு என்றால் அந்த வேறுபாடு 21-க்கு 1. இதற்காக ஒரு ரூபாய் கூடச் செலவு செய்ய வேண்டியதில்லை. இந்திய அரசும் தன் இணையதளங்களுக்கென்று 2009-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, 2023-இல் அவற்றின் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், இணையச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டது. இதற்கு மேல் நாங்கள் எங்கே போய் முறையிட வேண்டும்?

பல தளங்களின் வலது மூலையில் எழுத்தைப் பெரிதாக்க என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறீர்கள். அந்தப் பொத்தானே பக்கத்தில் இருப்பவற்றில் எல்லாம் சின்னதாக இருக்கிறது. தேடிப் பிடித்துத் தட்டினால் தலைப்பு கொஞ்சம் பெரிதாகும், படிவம் அப்படியே இருக்கும். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வைத்துப் பார்க்கிறவர்கள் எங்களில் பலர் உண்டு. அப்படி மாற்றினால் படமாக ஒட்டிய பொத்தான்கள் பின்னணியோடு கலந்து மறைந்துவிடுகின்றன.

அப்புறம் அந்த ஸ்கேன் செய்த சுற்றறிக்கைகள். தாளை அச்சிட்டு, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அதைக் கோணலாகப் படமெடுத்துத் தளத்தில் போடுகிறீர்கள். படத்தைப் பெரிதாக்கினால் எழுத்து உடைந்து திட்டுத் திட்டாகிறது. திரையில் இருக்கும் எழுத்தைக் குரலாகப் படித்துச் சொல்லும் என்விடிஏ போன்ற இலவசத் திரை வாசிப்பான்களுக்கு அது வெறும் படம். ஒரு வார்த்தை கூடப் படிக்காது. இன்னும் சில ஆவணங்கள் பழைய எழுத்துருக்களில் அடித்தவை. பார்க்கத் தமிழாக இருக்கும், வாசிப்பான் வாயைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே தரமாக ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் ஏன் இந்த நிலை?

இணையத்தோடு இது நிற்பதில்லை. ஏடிஎம் திரை வெயில் பட்டால் தெரிவதில்லை. பஸ்ஸின் நெற்றியில் ஓடும் ஊர்ப் பெயர் படிப்பதற்குள் ஓடிவிடுகிறது. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியை வெள்ளித் தாளில் நிறமே இல்லாமல் அழுத்தி வைத்திருக்கிறார்கள், யார் கண்ணுக்காக என்று தெரியவில்லை. கடை ரசீதில் இருந்த எழுத்து ஒரு மாதத்தில் அழிந்துபோகிறது. எல்லா இடத்திலும் பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட்டு "கொஞ்சம் படிச்சுச் சொல்லு தம்பி" என்று கேட்டே பொழுது போகிறது. பஸ் நம்பரைக் கேட்பதில் எனக்கு வெட்கம் இல்லை. வங்கிக் கணக்கையும் ஆதார் எண்ணையும் ஓடிபியையும் முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்துக் கேட்க வேண்டியிருப்பதுதான் பயம்.

இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தி மட்டும் இல்லை. வேலூர் ஆரணி சாலையில் ஷெல் கண் மருத்துவமனை வாசலில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். ஒடுகத்தூரிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள் இருப்பார்கள். எங்கள் ஊரில் தறியில் உட்கார்ந்து அறுந்த இழையைத் தேடித் தேடி முடிந்தவர்கள், பீடி சுற்றியவர்கள் எல்லோரும் வயதாகி நிற்கிறார்கள். பழைய வட ஆற்காடாக இருந்தபோது அலுவலகம் தூரமாக இருந்தது. ஆனாலும் மனுவை நாங்களே எழுதினோம், எழுதியதை நாங்களே படித்துப் பார்த்துக் கொடுத்தோம். இப்போது அலுவலகம் வீட்டுக்கே வந்துவிட்டது என்கிறீர்கள். வந்தது நல்லதுதான், மறுக்கவில்லை. வந்ததை நாங்களும் படிக்கும்படி வையுங்கள்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். எந்தத் தளத்தையும் திறந்துவிடும் முன், திரையை 200 சதவீதம் பெரிதாக்கி, உங்களில் ஒருவர் முதல் கட்டத்திலிருந்து 'சமர்ப்பி' பொத்தான் வரை ஒரு படிவத்தை நிரப்பிப் பாருங்கள். செல்போனிலும் செய்யுங்கள். எங்களைப் போன்றவர்கள் சிலரை அழைத்து எதிரில் உட்கார வைத்தும் நிரப்பச் சொல்லுங்கள். கூப்பிட்டால் குடியாத்தத்திலிருந்து நானே வருகிறேன், பயணப்படி வேண்டாம்.

தளம் சரியாகும் வரை ஒரு ஏற்பாடு வேண்டும். இ-சேவை மையத்தில் 'சமர்ப்பி' அழுத்துவதற்கு முன், நிரப்பிய படிவத்தைக் கறுப்பு மையில், 18 பாயிண்ட் அளவுக்குக் குறையாத எழுத்தில் ஒரு தாளில் அச்சிட்டு எங்கள் கையில் கொடுக்கும்படி உத்தரவிடுங்கள். நாங்கள் படித்து முடிக்கும் வரை தளம் வெளியே தள்ளாமல் இருக்க நேரத்தைக் கூட்டி வையுங்கள். படிக்க முடியாததால் நேர்ந்த பிழைகளுக்கு மறுபடியும் கட்டணம் கேட்காமல் திருத்திக் கொடுங்கள்.

இந்த மடலுக்குப் பதில் எழுதுவீர்கள் என்று நம்புகிறேன். பதிலை யூனிகோடில் தட்டச்சு செய்த எழுத்தாகவே அனுப்புங்கள். ஸ்கேன் செய்து படமாக அனுப்பினால் அதையும் என்னால் படிக்க முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.