அப்டேட்டைத் திருப்பி எடுத்துக்கங்க, என் பழைய வெர்ஷனைக் குடுங்க

கஸ்டமர் கேர் மேனேஜர் சாருக்கு வணக்கம், மேடமா இருந்தா மேடத்துக்கும் வணக்கம்.

நான் உசிலம்பட்டி பக்கத்துல இருந்து எழுதுறேன். இதுக்கு முன்னாடி உங்க கஸ்டமர் கேர்ல நாலு தடவ பேசியாச்சு, சாட்ல ரெண்டு தடவ, மதுரைல இருக்க சர்வீஸ் சென்டருக்கு நேர்லயே மூணு தடவ வந்தாச்சு. ஒவ்வொரு தடவயும் புது ஆளு, "என்ன பிரச்சனைன்னு சொல்லுங்க சார்"னு மொதல்ல இருந்து கேக்குறாங்க, எனக்கு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு, அதான் அம்புட்டையும் ஒரே லெட்டரா எழுதிட்டேன், இனிமே யாரு கேட்டாலும் இதைப் படிச்சுக்கங்க.

2023 ஆடித் தள்ளுபடில உங்க போனை 18,999 ரூவாய்க்கு வாங்குனேன், பில்லு பத்திரமா இருக்கு. வாங்குறப்ப ஆண்ட்ராய்டு 13. ஒரு வருசம் ஒரு கொறை சொல்ல முடியாது, நல்லா ஒழைச்சுச்சு, அதையும் சொல்லிறணும்ல.

என் தொழில் மொய் எழுதுறது. சாட்ல பேசுன தம்பி "மொய்ங்கிறது எந்த ஆப் சார்"னு கேட்டாரு, அதனால வெவரமாவே சொல்லிர்றேன். எங்க பக்கம் காதுகுத்து, கல்யாணம், சடங்கு, இல்ல விழான்னு எது வச்சாலும் வர்றவங்க செய்முறை செய்வாங்க, 501, 1001, 5001னு அவங்கவங்க தகுதிக்கு. அது சும்மா அன்பளிப்பு கெடையாது சார், நாளைக்கு அவங்க வீட்டு விசேசத்துக்கு இவங்க அதுக்கு மேல ஒத்த ரூவாயாச்சும் கூட வச்சு திருப்பிச் செய்யணும், செய்யலைன்னா சொந்தமே அத்துப்போகும். அதனால யாரு எம்புட்டு செஞ்சாங்கங்கிறது தப்பில்லாம ஏறணும். ஒரே ஊர்ல ஒரே பேர்ல எட்டுப் பேரு இருப்பாங்க, எழுத்தும் ஒண்ணாவே இருக்கும், அப்ப "கெணத்துமேட்டு வீடா, ஒத்தப்பனை வீடா"ன்னு பட்டப்பேரு கேட்டு எழுதணும். முன்னாடி நோட்டுல எழுதுனோம், ஒம்போது வருசமா போன்லதான். 2015ல எங்கூர்ல கம்ப்யூட்டர் படிச்ச பையன் ஒருத்தன் எனக்குன்னே ஒரு ஆப் செஞ்சு குடுத்தான், நாலாயிரம் குடுத்தேன், இப்ப அவன் வெளிநாட்டுல இருக்கான். பேரு தட்டி தொகைய அடிச்சு பட்டனை அமுக்குனா பக்கத்துல இருக்க ரெண்டு இஞ்ச் ப்ளூடூத் பிரிண்டர்ல பஸ் டிக்கெட் மாதிரி சர்ர்னு சீட்டு வந்துரும். சீட்டைக் கையில வாங்குனாத்தான் மனுசன் பந்திக்கே போவான்.

இனி விசயத்துக்கு வர்றேன். 2024 ஆவணில ஒரு ஞாயித்துக்கிழமை, செல்லம்பட்டி பக்கம் ஒரு காதுகுத்து. மொத நா ராத்திரி போனை சார்ஜ்ல போட்டுட்டுப் படுத்தேன். காலைல நாலரைக்கு எந்திரிச்சுப் பாக்குறேன், "உங்க போன் வெற்றிகரமா அப்டேட் ஆயிருச்சு"ன்னு பூ பூவா வெடிச்சுக்கிட்டு இருக்கு, ஆண்ட்ராய்டு 14. நான் போடச் சொல்லல சார். செட்டிங்ஸ்ல ராத்திரியில தானா இன்ஸ்டால் ஆகுறதுன்னு ஒண்ணு இருக்காம், அது நான் வாங்குனப்பவே ஆன்லதான் இருந்துருக்கு, எனக்கு எங்க தெரியும். சரி புதுசு நல்லாத்தான் இருக்கும்னு நெனச்சு கெளம்பிப் போயிட்டேன், வண்டில போறப்பவே பாக்கெட்டுக்குள்ள போன் சுட்டுச்சு.

மண்டபத்துல மேசை போட்டு உக்காந்து மொத மூணு சீட்டு நல்லா வந்துச்சு. நாலாவதுக்கு பிரிண்டர் கட் ஆயிருச்சு. திரும்ப கனெக்ட் பண்ணேன், ரெண்டு சீட்டு வந்துச்சு, திரும்ப கட். பிரிண்டர் பேட்டரியான்னு அதை சார்ஜ்ல போட்டுப் பாத்தேன், இல்ல. எனக்கு முன்னாடி வரிசை வாசப்படி வரைக்கும் நிக்கிது, தாய்மாமன் சீர் வேற மேளதாளத்தோட உள்ள வருது, ஒரே சத்தம். ஒரு பெரியவரு 5,001 வச்சாரு, பட்டனை அமுக்குனேன், சீட்டு பாதி வந்து அப்புடியே நின்னுருச்சு, பேரு இருக்கு தொகையக் காணோம். "என்னப்பா காச எண்ணி வாங்குன, சீட்டுல ஒண்ணுமே இல்ல"ன்னு அவரு சத்தம் போட, நான் திரும்ப அமுக்க, அது ரெண்டாவது எண்ட்ரியா ஏறிருச்சு. அந்த அவசரத்துல எனக்குத் தெரியல. இந்த மாதிரி மூணு பேருக்கு ஆகிப்போச்சு.

சாயங்காலம் கணக்கு முடிக்கிறப்ப ஆப்ல இருக்க மொத்தத்துக்கும் பொட்டில இருக்க பணத்துக்கும் 7,503 ரூவா இடிக்கிது. பணம் கம்மி. விசேச வீட்டுக்காரரு ஒண்ணும் பேசல, ஆனா அவரு மச்சினன் என் சட்டைப் பையப் பாத்தான் சார். கையக்கூட வைக்கல, சும்மா பாத்தான், அது போதும். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் சீட்டு சீட்டா ஒத்துப் பாத்து 5,001 ஒண்ணு, 2,001 ஒண்ணு, 501 ஒண்ணு டபுளா ஏறுனதக் கண்டுபிடிச்சுக் காமிச்ச பெறகுதான் எழுதுன கூலியவே வாங்குனேன். பதினெட்டு வருசமா மொய் மேசைல உக்காந்துருக்கேன், ஒருத்தரு என்னைய அப்புடிப் பாத்ததில்ல.

அடுத்த நாளே பஸ் ஏறி ஆரப்பாளையத்துல எறங்கி உங்க சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டோக்கன் வாங்கி ரெண்டரை மணி நேரம் உக்காந்தேன். கவுண்டர்ல இருந்த தம்பி வாங்கிப் பாத்துட்டு "பேக்டரி ரீசெட் அடிச்சா வாங்குனப்ப எப்புடி இருந்துச்சோ அப்புடி ஆயிரும்ண்ணே"ன்னாப்ல. நான் திரும்பத் திரும்பக் கேட்டேன், பழைய 13க்கே போயிருமா தம்பின்னு, போயிரும்ண்ணேன்னு சொன்னாப்ல. நம்பி அடிக்கச் சொன்னேன். அடிச்சு முடிச்சுப் பாத்தா என் போட்டோ, நம்பர், ஆப் எல்லாம் போச்சு, வெர்ஷன் மட்டும் அதே 14. என் அக்கா மவன் திருப்பரங்குன்றத்துல இருக்கான், ஐடி வேலை, அவன்ட்ட கேட்டா சிரிக்கிறான், "மாமா, ரீசெட்டுங்கிறது நம்ம வச்சிருக்க சாமானைத்தான் அள்ளி வெளில போடும், வீடு அதே வீடுதான், அப்டேட்டு வீட்டையே மாத்துறது"ன்னு. இந்த வெவரம் உங்க கம்பெனி சட்டை போட்டு உக்காந்துருக்க ஆளுக்குத் தெரியாதா?

அதோட முடியல. மொய் ஆப்பை திரும்பப் போடலாம்னு பாத்தா, பழைய ஆப், இந்த போன்ல ஓடாதுன்னு தள்ளுது. ரீசெட்டுக்கு முன்னாடி அதே 14ல அதே ஆப் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. என்னன்னு பாத்தா ஆண்ட்ராய்டு 14ல ஒரு சட்டமாம், ஆண்ட்ராய்டு 6க்கு முந்துன கணக்குல செஞ்ச ஆப்பைப் புதுசா ஏத்த விடாது, ஏற்கனவே ஏறி இருந்துச்சுன்னா விட்டுரும். வைரஸ்காரங்க பழைய ஆப் மாதிரி செஞ்சு பெர்மிஷன் கேக்காமலே உள்ள வந்துர்றாங்கன்னு வச்சிருக்காங்களாம், நல்லதுதான். ஆனா உள்ள இருந்த என் ஆப்பை வெளிய தள்ளுனது உங்க ஆளு அடிச்ச ரீசெட்டு. ரெண்டாவது தடவ வந்து இதைச் சொன்னா "முடியாதுண்ணே, வேற ஆப் பாத்துக்கங்க"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க. அக்கா மவன் லேப்டாப்ல கேபிளைச் சொருகி ஒரு கமாண்டு அடிச்சான், பத்து நிமிசத்துல ஆப் ஏறிருச்சு, அந்த வழிய ஆண்ட்ராய்டுகாரங்களே எழுதி வச்சிருக்காங்களாம். பழைய கணக்கையெல்லாம் பென் டிரைவ்ல வச்சிருந்ததால தப்பிச்சேன், இல்லன்னா ரெண்டு வீட்டு மொய்க்கு நான் என்ன பதில் சொல்றது?

ஆப் வந்துருச்சு, ஆனா பிரிண்டர் இன்னும் அதே கதைதான், மூணு சீட்டுக்கு ஒருக்கா கட். அதே பிரிண்டரை என் வீட்டம்மாவோட பழைய போன்ல, அது ஆண்ட்ராய்டு 9, போட்டுப் பாத்தேன், அறுபது சீட்டு நிக்காம வந்துச்சு. அப்ப கோளாறு பிரிண்டர்ல இல்ல, ஆப்ல இல்ல, நீங்க ராத்திரியோட ராத்திரியா ஏத்துன அப்டேட்லதான் இருக்கு. அந்த பழைய போன்லயே எழுத வேண்டியதுதானன்னு கேப்பீங்க, அதுல பேட்டரி ஒரு மணி நேரங்கூட நிக்காது, ஒரு முகூர்த்தத்துக்கு ஆறு மணி நேரம் உக்காரணும்.

மூணாவது தடவ வந்தப்ப நேரா கேட்டேன், எனக்கு 13 வேணும், போட்டுக் குடுங்கன்னு. "செக்யூரிட்டி பாலிசி, டவுன்கிரேடு பண்ண முடியாது, வாரண்டியும் முடிஞ்சுருச்சு"ன்னாங்க. வாரண்டி முடிஞ்சு பதினஞ்சு நாள்ல அப்டேட்டை அனுப்புனது நீங்க, ஸ்கிரீனை நான் ஒடைச்சுட்டு வந்து நிக்கல. செக்யூரிட்டிங்கிறதுல ஞாயம் இருக்குன்னு நானே ஒத்துக்கிறேன், பழைய வெர்ஷன்ல இருக்க ஓட்டைய திருடன் திரும்பத் தொறந்துறக் கூடாதுன்னு போனுக்குள்ள ஒரு நம்பர் வச்சிருப்பாங்களாம், சில புது சாப்ட்வேர் வந்ததும் அந்த நம்பர் ஏறிரும், அதுக்குக் கீழ இருக்க எதையும் போன் ஏத்துக்காதாம். சரி. இந்த அப்டேட்ல அந்த நம்பரை ஏத்துனீங்களா இல்லையா? இதை நாலு பேர்ட்ட கேட்டுட்டேன், ஒருத்தருக்கும் பதில் தெரியல. ஏத்தலைன்னா பழைய 13அ உங்க சர்வீஸ் சென்டர்லயே போடலாம், டேட்டா போகும், அதுதான் நீங்க ஏற்கனவே அழிச்சுட்டீங்களே, இனி என்ன போக இருக்கு.

ஏத்திட்டீங்கன்னா, ஏன் முன்னாடி சொல்லல? 2022ல கூகுள் பிக்சல் 6 போனுக்கு ஆண்ட்ராய்டு 13 விட்டப்ப, இதைப் போட்டா திரும்ப 12க்குப் போக முடியாதுன்னு அவங்க வெப்சைட்லயே எழுதிப் போட்டாங்க. மத்தபடி பிக்சலுக்கு பழைய வெர்ஷனெல்லாம் அதே வெப்சைட்ல எறக்கிக்கிறதுக்கு வச்சிருக்காங்க. நீங்க அனுப்புன அப்டேட்ல என்ன எழுதிருந்துச்சு தெரியுமா, புது வால்பேப்பர், அனிமேஷன் இன்னும் வழுவழுன்னு இருக்கும், அம்புட்டுத்தான். போனா வர முடியாதுங்கிற சமாச்சாரம் எந்த வரிலயும் இல்ல. எங்கூரு மினி பஸ்காரரே கடைசி டிரிப்னா "திரும்பி வர வண்டி இல்லப்பா, பாத்து ஏறிக்க"ன்னு சொல்லித்தான் ஏத்துவாரு.

பூட்லோடரை அன்லாக் பண்ணி, அதாவது வேற சாப்ட்வேரை ஏத்த விடாத போன் பூட்டைத் தொறந்து, நாமளே போட்டுக்கலாம்னு அக்கா மவன் சொன்னான், நான் வேணாம்னுட்டேன். அதுல பேங்க் ஆப் எல்லாம் ஓடாம போகலாம்னு சொல்றான், இப்ப மொய்யே பாதிப் பேரு ஸ்கேன் பண்ணித்தான் செய்யிறாங்க, அதுவும் போச்சுன்னா நான் மேசைய மடக்கிட்டு மாடு மேய்க்கத்தான் போகணும். அதுபோக கம்பெனி செஞ்ச கோளாறை வாங்குனவன் ஏன் திருட்டுத்தனமா சரி பண்ணணும்?

சர்வீஸ் சென்டர்ல குடுத்த ஜாப் ஷீட்டைப் பாருங்க, "சாப்ட்வேர் இஷ்யூ ரிசால்வ்டு, கஸ்டமர் சாட்டிஸ்பைடு"ன்னு போட்டு மூடிருக்காங்க. நான் எப்ப சாட்டிஸ்பைடு ஆனேன்? அன்னைக்கு நான் கோவத்துல டீகூட குடிக்காம பஸ் ஏறுனவன்.

இன்னொண்ணு, என்னைய சும்மா புலம்புற ஆளுன்னு நெனச்சுறாதீங்க. 2018ல இத்தாலில அப்டேட் அனுப்பி பழைய போனை மந்தமாக்குனதுக்கு ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ, சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ அபராதம் போட்டாங்க. அதுல அவங்க சொன்ன குத்தமே, ஜனங்களுக்கு சரியா வெவரம் சொல்லல, பழைய நெலமைக்குத் திரும்ப வழியும் குடுக்கலங்கிறதுதான். என் கேசும் அதேதான். இங்கயும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, 1915க்கு போன் பண்ணா புகார் எடுத்துக்கிறாங்க, மதுரைலயே மாவட்ட நுகர்வோர் கோர்ட்டு இருக்கு, அஞ்சு லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்கு பீஸும் கெடையாது, ரெண்டு வருசம் டைம் இருக்கு. நான் அங்க போகணும்னு ஆசைப்படல சார், ஒரு நாள் கோர்ட்டுக்கு அலைஞ்சா ஒரு நாள் பொழப்பு போச்சு. ஆனா போக வச்சீங்கன்னா போவேன்.

இப்ப புரட்டாசி, விசேசம் இல்ல, அதனாலதான் இம்புட்டு அலைய முடிஞ்சுச்சு. ஐப்பசி பொறந்தா முகூர்த்தம் ஆரம்பிச்சுரும், எனக்கு ஏற்கனவே ஏழு வீட்டுல அட்வான்ஸ் குடுத்துட்டாங்க. அதுக்குள்ள எனக்கு ஆண்ட்ராய்டு 13அ உங்க சர்வீஸ் சென்டர்ல வச்சு போட்டுக் குடுங்க, டேட்டா போனா நான் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டே தர்றேன். அது முடியவே முடியாதுன்னா ஏன் முடியாதுங்கிறத எழுத்துல குடுத்துட்டு, அந்த ப்ளூடூத்தை சரி பண்ண அப்டேட் எந்த தேதில வரும்னு அதே பேப்பர்ல எழுதுங்க, "விரைவில்"னு எழுதாதீங்க. ரெண்டும் ஆகாதுன்னா போனை எடுத்துக்கிட்டு காசைத் திருப்பிக் குடுங்க, ஒரு வருசம் ஒழைச்சதுக்கு ஞாயமா எம்புட்டோ கழிச்சுக்கங்க, அதுக்கு நான் மல்லுக்கட்ட மாட்டேன். அந்த ஜாப் ஷீட்ல இருக்க "சாட்டிஸ்பைடு"அ மட்டும் மொதல்ல அடிச்சுருங்க.

பில்லு, ஜாப் ஷீட் மூணு, பாதியில நின்ன அந்த 5,001 ரூவா சீட்டோட போட்டோ, பிரிண்டர் கட் ஆகுற வீடியோ ஒண்ணு எல்லாம் இதோட அனுப்பிருக்கேன். பதிலைத் தமிழ்லயே எழுதுங்க. போன்ல பேசுறதா இருந்தா சாயங்காலம் நாலு மணிக்கு மேல கூப்புடுங்க, ஐப்பசி பொறந்துட்டா முகூர்த்த நாள்ல எடுக்க மாட்டேன், மேசைல இருப்பேன்.

இப்படிக்கு,
உசிலம்பட்டி பக்கத்துல மொய் எழுதுற உங்க கஸ்டமர்