பக்கத்து ஊர்ட திகதியும் நம்மட பிள்ளைகளுக்குத் தெரியணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் ஆரையம்பதியில இரிக்கிற ஓய்வுபெற்ற டீச்சர். எங்கட தமிழ் ஊர் எங்க முடியுது, பக்கத்து முஸ்லிம் ஊர் காத்தான்குடி எங்க தொடங்குது எண்டு வெளியூராக்களுக்குப் பிடிபடாது, அவ்வளவு ஒட்டின ஊர். ஆனா ஏ எல் முடிச்ச எங்கட பிள்ளைகள்ல எத்தின பேர் அங்குள்ள ஒரு பிள்ளையோட உக்காந்து கதைச்சிரிக்கி? பள்ளிக்கூடம் வேற, டியூசன் வேற, உடுப்பு வாங்கப் போனா விலை கேக்கிறதோட கதை முடிஞ்சிரும்.

2019ல மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துல இஸ்லாமியத் தீவிரவாதி ஒருத்தன் வெடிக்க வச்ச குண்டுல எங்கட ஊர்ப் பிள்ளைகள் செத்தாப்பிறகு நானே பல மாதம் காத்தான்குடிப் பக்கம் போகல்ல. வழமையா சாறி எடுக்கிற காத்தான்குடிக் கடை ராத்தா கோல் எடுத்து "டீச்சர், எங்களோட கோவமா" எண்டு கேட்டா, எனக்கு வாய் வரல்ல, அழுதுட்டன், அவவும் அழுதா. அதுக்குப் பிறகுதான் ரெண்டு டீச்சர்மார், ஒரு மௌலவி, ஒரு ஃபாதர், கொஞ்சம் பொடியன்கள் எண்டு சேர்ந்து போயா நாள்ல, அதான் பௌர்ணமி லீவுல, இந்த வேலையத் தொடங்கினம்.

நாங்க செய்றது பெரிசா ஒண்டுமில்ல. தமிழ்ப் பிள்ளைகளக் காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போறம். 1990 ஆகஸ்ட் 3 ராத்திரி தொழுதுகொண்டிருந்த ஆக்களச் சுட்ட துளை சுவருல இன்னும் இரிக்கி. ஒரு பிள்ளை விரல அந்தத் துளைக்குள்ள வச்சுப் பாத்துட்டு வெளிய வந்து வேன்ல ஏறுமட்டும் வாயே திறக்கல்ல. அடுத்த போயாவுக்கு முஸ்லிம் பிள்ளைகளச் சத்துருக்கொண்டான் நினைவுத்தூணுக்குக் கூட்டிப்போனம். அது அதே வருசம் செப்டம்பர் 9, சத்துருக்கொண்டான், பனிச்சையடி, பிள்ளையாரடி, கொக்குவில் தமிழ்ச் சனத்தக் கொலை செஞ்ச நாள், கைக்குழந்தையும் விடல்ல. ரெண்டுக்கும் நடுவுல 37 நாள்தான், ஆனா அவங்கட பிள்ளைக்கு இந்தத் திகதி தெரியாது, எங்கட பிள்ளைக்கு அந்தத் திகதி தெரியாது. யாரு முதல்ல செஞ்சது எண்டு கேட்டுச் சண்டை பிடிக்க வேணாம், கேட்டுக்கொண்டு மட்டும் இருங்க எண்டு சொல்லித்தான் கூட்டிப்போறம்.

வாற வழியில வயசாளிகளக் கதைக்க விட்டா வேற உலகம். கோயில நிர்வகிக்கிற வண்ணக்கர் குடிவழியா வாறமாதிரி பள்ளிவாசல நிர்வகிக்கிற மரைக்காயரும் குடிவழியா வந்தவங்கதான், குடி எண்டா தாய்வழிக் குலம், ரெண்டு பக்கமும் அதுதான். "நீங்க என்ன குடி மனே" எண்டு ஒரு அப்பாச்சி கேட்டதுக்கு அந்தப் பொடியன் யோசிச்சுட்டு உடனே உம்மாக்கு கோல் எடுத்துக் கேட்டுச் சொன்னான்.

ஹோட்டல் மண்டபத்துல பெனர் கட்டி, சர்வமதத் தலைவர்மார் விளக்கேத்தி, ஃபோட்டோ எடுத்துப் பிரியிற கூட்டங்களுக்கு நானும் கனக்கப் போயிருக்கன், அதால ஒரு வீட்டு வாசலும் திறக்கல்ல. எங்களுக்குக் காசு வேணாம். 1990ஐக் கண்ணால கண்ட ஆக்கள், முக்கியமா பொம்பளையள், கதைக்க வரணும். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் இதே கதைதானே, அங்கயும் ஆராவது தொடங்கினா எங்கட பிள்ளைகள அனுப்ப நாங்க ரெடி. மாசத்துல ஒரு போயா நாள், காலம ஏழு மணிக்கு வெளிக்கிட்டாப் பகல் சோத்துக்கு வீட்ட வந்துரலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஆரையம்பதி.