மேற்கு லண்டன் தமிழ்ப் பாடசாலைகளுக்கு: மிஸ்டி இன் ரூட்ஸையும் பாடத்தில் சேருங்கள்

அன்புடையீர்,

வணக்கம். சவுத்ஹால், ஹேய்ஸ், ஈலிங் பக்கம் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்தும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு நாம் குடியிருக்கும் ஊரின் வரலாற்றையும் ஒரு பாடமாக வைக்கலாம், ஜமேக்காவில் பிறந்த ரெகே இசையை வாசித்த இந்த ஊர்க் குழுவான மிஸ்டி இன் ரூட்ஸிலிருந்தே அதைத் தொடங்கலாம் என்று ஒரு பாடசாலையில் கேட்டுப் பார்த்தேன். “அது எங்கட வரலாறு இல்லையே” என்று பதில் வந்தது. சொன்னவர் சம்பளமில்லாமல் ஓடி ஓடி உழைக்கும் நல்ல மனிதர். ஆனாலும் அந்தப் பதிலை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

மிஸ்டி இன் ரூட்ஸ் சவுத்ஹாலில் உருவான குழு. 1970களின் நடுவில், ஜமேக்காவிலிருந்து வந்த பாடகர் நிக்கி தோமஸுக்குப் பின்னால் நின்று வாசித்துத் தொடங்கினார்கள். பிறகு சொந்தப் பாட்டு, சொந்த மேடை. வால்ஃபோர்ட் டைசனின் குரலைச் சுற்றி மற்றக் குரல்கள் எழும். தாளத்தின் முதல் அடியைக் காலியாக விட்டு மூன்றாவதில் ட்ரம்ஸ் இறங்கும். உங்களிடம் மிருதங்கம் படிக்கிற பிள்ளைக்கு எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், தள்ளி வருவது புதிதல்ல. பத்து நிமிடம் கேட்டால் பிடித்துக்கொள்வான்.

பாட்டோடு அவர்கள் நிற்கவில்லை. பார்க் வியூ வீதியில் ஆறாம் இலக்க வீட்டில் ‘பீப்பிள் யுனைட்’ என்ற கூட்டுறவு அமைப்பை நடத்தினார்கள். ஊர் இளைஞர்கள் வந்து வாத்தியம் பழகுவதும் ஒத்திகை பார்ப்பதும் அங்கேதான். அதே பெயரில் இசைத்தட்டும் வெளியிட்டார்கள். வெள்ளைக்காரப் பையன்களின் பங்க் (வேகமான, முரட்டு ரொக் இசை) குழுவான ‘த ரட்ஸ்’ தன் முதல் இசைத்தட்டைக் கொண்டுவந்தது இவர்களிடம்தான். கச்சேரிகள் வைத்து இனவெறியை எதிர்த்த ‘ரொக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ இயக்கத்தின் மேடைகளில் மிக அதிகமாக ஏறிய குழுக்களில் மிஸ்டியும் ஒன்று.

அந்த மேடைகள் ஏன் தேவைப்பட்டன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1976 ஜூன் 4ஆம் திகதி டொமினியன் தியேட்டருக்கு வெளியே குர்தீப் சிங் சக்கர் என்ற 18 வயது மாணவன் இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டான். மூன்று வருடம் கழித்து, பொதுத் தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கையில், ‘நேஷனல் ஃப்ரண்ட்’ என்ற இனவெறிக் கட்சி சவுத்ஹால் நகர மண்டபத்திலேயே கூட்டம் போட வந்தது. ஊரே எதிர்த்தும் ஈலிங் கவுன்சில் மண்டபத்தைக் கொடுத்தது. 1979 ஏப்ரல் 23. கடைகளைப் பூட்டிவிட்டுச் சனம் தெருவில் இறங்கியது. கூட்டத்துக்குக் காவலாக ஆயிரக்கணக்கில் பொலிஸ்.

அன்று பீப்பிள் யுனைட் வீடு, காயப்பட்டவர்களுக்கு முதலுதவியும் சட்ட உதவியும் கொடுக்கும் இடமாக இருந்தது. பொலிஸார் உள்ளே புகுந்து, இருந்தவர்களை அடித்து வெளியே தள்ளினார்கள். வாத்தியங்களும் ஒலிக்கருவிகளும் நொறுங்கின. குழுவின் மேலாளர் கிளாரன்ஸ் பேக்கர் மண்டை உடைந்து, உயிருக்குப் போராடும் நிலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவரைப் பற்றித்தான் த ரட்ஸ் பிறகு ஒரு பாட்டே போட்டார்கள். அன்று மாலை அருகே இன்னொரு தெருவில் பிளேர் பீச் என்ற நியூசிலாந்து ஆசிரியர் தலையில் அடிபட்டு, இரவு இறந்துபோனார். அவரை அடித்தது பெரும்பாலும் ஒரு பொலிஸ்காரர்தான் என்று சொன்ன உள்ளக அறிக்கையை 2010 வரை லண்டன் பொலிஸ் வெளியே விடவில்லை. யார் மீதும் வழக்கு இல்லை. ஆனால் ஊரவர் முந்நூறு பேருக்கு மேல் வழக்கு! அதையும் பல மைல் தள்ளி பார்னெட்டில் நடத்தினார்கள். அந்தச் செலவுக்குப் பணம் சேர்க்க ஜூலையில் ரெயின்போ தியேட்டரில் நடந்த கச்சேரிகளில் மிஸ்டியும் வாசித்தது. பார்க் வியூ வீதி வீடு பின்னர் இடிக்கப்பட்டது.

இவ்வளவுக்கும் பிறகு குழு கலைந்திருந்தால் ஆச்சரியமில்லை. கலையவில்லை. அதே 1979இல் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு மாற்றாகப் பெல்ஜியத்தில் நடந்த விழாவில் பதிவான கச்சேரிதான் அவர்களுடைய முதல் ஆல்பம். பிபிசி வானொலியின் இசை அறிவிப்பாளர் ஜான் பீல் அதை விடாமல் ஒலிபரப்பினார். என்னைக் கேட்டால், ஸ்டூடியோவில் செய்த பிந்தைய தட்டுகள் எதுவும் அதன் பக்கத்தில் வராது. 1982இல், விடுதலையடைந்து இரண்டே வருடமான சிம்பாப்வேக்கும் பக்கத்து சாம்பியாவுக்கும் போய் வாசித்தார்கள்.

சரி, இதில் நமக்கு என்ன?

1987 பெப்ரவரியில், நாடு கடத்தப்படவிருந்த தமிழர்கள் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஆடைகளைக் களைந்து நின்ற கதை நமக்குத் தெரியும். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஹீத்ரோவுக்கும் சவுத்ஹாலுக்கும் சில மைல்தான். நாம் வந்து இறங்கியபோது இந்தப் பக்கத்துத் தெருக்களில் ஓரளவு தலைநிமிர்ந்து நடக்க முடிந்தது என்றால், அதற்கு முன்பே பஞ்சாபிகளும் கரீபியர்களும் அடி வாங்கியிருந்தார்கள். 1983 ஜூலையைக் கற்பிக்கிற நமக்கு, 1979 ஏப்ரலில் இங்கே நடந்தது எப்படி அந்நியமாகும்?

“ரெகே என்றால் கஞ்சா, சடைமுடி” என்று பெற்றோர் முணுமுணுப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். சடைமுடி, ஜமேக்காவில் பிறந்த ரஸ்தஃபாரி என்ற மத நம்பிக்கையோடு வருவது. சடைமுடிச் சாமியார்களை நாம் காணாதவர்களா? அதைவிடச் சங்கடமான ஒன்று, வீட்டுக்குள் கறுப்பினத்தவரை நாம் குறிப்பிடும் விதம். பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறார்கள், திங்கட்கிழமை பள்ளியில் அதே கறுப்பின நண்பர்களின் பக்கத்தில் போய் உட்காருகிறார்கள். அரசியல் வேண்டாம் என்று சொல்கிற நிர்வாகிகள் இதையும் கொஞ்சம் யோசியுங்கள். சவுத்ஹாலில் ஆசியரும் கரீபியரும் எந்நேரமும் கைகோத்து நின்றார்கள் என்று கதை கட்டவும் தேவையில்லை. உரசல்களும் இருந்தன. அதையும் சேர்த்தே சொல்லலாம், பதினான்கு வயதுப் பிள்ளைக்கு விளங்கும்.

நான் கேட்பது வருடத்தில் ஒரு சனிக்கிழமை, ஏப்ரல் 23ஐ அடுத்து வருவது. காலையில் வகுப்பில் அந்த பெல்ஜியக் கச்சேரியில் இரண்டு பாட்டு. பிறகு ஒரு நடை: டொமினியன் இருந்த இடம், நகர மண்டபம், பார்க் வியூ வீதி. அன்றைய நாளைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். ஒருவரையாவது பேச அழைக்க முடியும். பாடக் குறிப்பைத் தமிழில் நான் எழுதித் தருகிறேன், நடைக்கும் பிள்ளைகளோடு வருகிறேன். ஆண்டுவிழா ஒத்திகையோடு மோதுகிறது என்றால் மே முதல் சனிக்கிழமையும் எனக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
சவுத்ஹாலில் வசிக்கும் ஒரு பெற்றோர்