சாப்பிடும்போது வரும் மயக்கமெல்லாம் சுகர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் மயக்கத்துக்குக் காரணம் சர்க்கரை, பிரஷர், ரத்தசோகை, வெயில் என்று வரிசையாகப் போட்டிருந்தீர்கள். எல்லாம் சரி, ஆனால் சோற்றை விழுங்கினாலே மயங்கி விழுகிறவர்களும் இருக்கிறார்கள், அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. என் மாமனாருக்கு அதுதான். இட்லியைப் பெரிதாகப் பிட்டு விழுங்குவார், முகம் வெளுத்து, கண் செருகி, தட்டின் மேலேயே சாய்ந்துவிடுவார், நாங்கள் பதறி எழுவதற்குள் அவரே நிமிர்ந்து "என்ன ஆச்சு?" என்பார். சுகர் பார்த்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள், வலிப்பு மாத்திரைகூடக் கொஞ்ச நாள் ஓடியது. ஈசிஜி எப்போது எடுத்தாலும் நார்மல்தான், படுக்கவைத்துச் சும்மா எடுத்தால் வேறென்ன வரும்? கடைசியில் ஒரு டாக்டர்தான் ஈசிஜி ஒயர்களைக் கழற்றாமலேயே அவரைச் சாப்பிடச் சொன்னார். அவர் விழுங்கியதும் துடிப்பு சரசரவென்று இறங்கி, சில நொடி திரையில் கோடு நேராகவே ஓடியது.

விஷயம் இதுதான்: வேகஸ் என்ற நரம்பு உணவுக்குழாய்க்கும் போகிறது, இதயத்துக்கும் போகிறது. சிலருக்கு உணவு இறங்கும்போது அந்த நரம்பு இதயத்துக்கு அளவுக்கு மீறி பிரேக் போட்டுவிடுகிறது, நிமிடத்துக்கு 60லிருந்து 100 வரை துடிக்க வேண்டியது கொஞ்ச நேரம் நின்றே போகும், மூளைக்கு ரத்தம் போகாமல் ஆள் விழுவார். அபூர்வமான நோய்தான். உணவுக்குழாயில் சுருக்கம், இரைப்பை மேலேறி வருவது போன்ற கோளாறு சிலருக்கு இருக்கும், சிலருக்கு எதுவுமே இருக்காது. பிரஷருக்குத் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளாலும் இது கூடலாம், அதற்காக நாமாக நிறுத்திவிடக் கூடாது, டாக்டரிடம் கேட்க வேண்டும். சின்னச் சின்ன வாயாகச் சாப்பிட்டே சமாளிக்கிறவர்கள் உண்டு, முடியாதவர்களுக்கு, துடிப்பு நிற்காமல் பார்த்துக்கொள்ளும் பேஸ்மேக்கர் என்ற சின்னக் கருவியை வைக்கிறார்கள்.

நம் ஊரில் யாராவது மயங்கினால் உடனே "சோடா உடை" என்பார்கள். இந்த நோய்க்காரர்கள் சிலருக்கு மயக்கத்தைக் கொண்டுவருவதே ஜில்லென்ற சோடாதான்! அப்புறம், நினைவில்லாதவர் வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். படுக்கவைத்துக் காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாலே போதும், பெரும்பாலும் தானே தெளிந்துவிடும்.

அடுத்த முறை மயக்கம் பற்றி எழுதும்போது ஒரு இதய டாக்டரிடம் கேட்டு இதையும் போடுங்கள். விழுந்த நொடியில் வாயில் என்ன இருந்தது, சூடா ஜில்லா என்று வீட்டார் கவனித்துச் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்