எங்கள் மாமியின் துக்கத்தில் நின்றவர்களுக்கு

ஈலிங், ஏப்ரல் 2010

அன்பான உறவுகளுக்கு,

ஏப்ரல் 10, சனிக்கிழமை காலை. போனை வைத்த மாமி, என் மனைவியின் போலந்துத் தாய், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் நகரத்தில், கடும் மூடுபனியில் தரையிறங்கப்போன போலந்து விமானம் விழுந்துவிட்டது. ஜனாதிபதி லேஹ் காச்சின்ஸ்கி, அவர் மனைவி மரியா, முப்படைத் தளபதிகள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் என்று 96 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை.

அவர்கள் போனதே ஒரு அஞ்சலிக்குத்தான். 1940இல் சோவியத் இரகசியப் பொலிஸ் சுட்டுக் கொன்ற ஏறக்குறைய 22,000 போலந்துக்காரருக்கு, ஸ்மோலென்ஸ்க் பக்கத்தில் உள்ள கட்டின் என்ற காட்டில் 70ஆம் ஆண்டு நினைவு. என் மனைவியின் தாய்வழித் தாத்தாவும் அவர்களில் ஒருவர். அந்த ஏப்ரலிலேயே, அப்படிப் பிடிபட்ட போலந்து அதிகாரிகளின் குடும்பங்களைக் கசகஸ்தானுக்கு நாடு கடத்தினார்கள். மாமி அப்போது சின்னப் பிள்ளை. பிறகு ஈரான், அப்புறம் இந்தியாவில் கோலாப்பூர் பக்கம் வலிவாடே முகாம், கடைசியில் லண்டன். தகப்பனுக்கு விளக்கேற்றப் போனவர்களும் போய்விட்டார்களே என்று அன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

விமானத்தில் லண்டன்காரரும் இருந்தார்கள். லண்டனில் இருந்த நாடுகடந்த போலந்து அரசின் கடைசி ஜனாதிபதி ரிஷார்ட் கச்சொரோவ்ஸ்கி, 90 வயது. 1990இல் அரச முத்திரைகளை வார்சாவுக்கு எடுத்துப்போய், மக்கள் தெரிவுசெய்த புது ஜனாதிபதி லேஹ் வலேசாவிடம் ஒப்படைத்தவர். மாமிக்கு அவர் ஜனாதிபதி என்பதைவிடச் சாரணர் தலைவர். மாமி ஞாயிறுதோறும் போகும் போபோலா கோவிலின் பங்குத் தந்தை கொஸ்தொம்ஸ்கியும் அதே விமானத்தில்தான் போனார்.

நல்லதுக்குக் கூப்பிட்டால் போ, கெட்டதுக்குக் கூப்பிடாமலே போ என்று நம் ஊரில் சொல்வார்கள். நீங்கள் அப்படித்தான் வந்தீர்கள். எங்கள் அடுப்பு இரண்டு நாள் எரியவில்லை; இடியப்பமும் சொதியும் நேரத்துக்கு வந்தன. போர்ட்லண்ட் பிளேஸில் உள்ள தூதரகத்துக்கு மாமியைக் கூட்டிப்போன தம்பி, வரிசையில் பக்கத்திலேயே நின்று, அனுதாபப் புத்தகத்தில் தமிழில் நான்கு வரி எழுதினார். மாமி அதைத் தனக்கு வாசித்துக் காட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டார்.

கடைக்கார அண்ணைக்குத் தனியாகச் சொல்லவேண்டும். கல்லறையில் வைக்கும் கண்ணாடிக் குவளை மெழுகுவர்த்தியைப் போலந்துக்காரர் ஸ்னிச் என்பார்கள். அந்த வாரம் ஈலிங்கில் நாங்கள் தேடிய கடைகளில் ஒன்றுகூட இல்லை. அண்ணை கடையின் பின்பக்கம் போய், கார்த்திகை விளக்கீட்டுக்கு எடுத்து மிஞ்சியிருந்த சிட்டி விளக்குப் பெட்டியைத் தூக்கி வந்தார். காசு வாங்கவில்லை. கன்னர்ஸ்பரி மயானத்தில் கட்டின் நினைவுத் தூணின் அடியில் அவற்றை வரிசையாக வைத்தோம். காற்றுக்கு அணைய அணைய, முன்பின் தெரியாத ஒரு போலந்துக் கிழவர் குந்தியிருந்து, கையால் மறைத்துத் திரும்பத் திரும்பக் கொளுத்தினார். இது எந்த நாட்டு விளக்கு என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கொளுத்தினார்.

18ஆம் திகதி போலந்தின் கிராக்கோ நகரத்தில் ஜனாதிபதிக்கும் அவர் மனைவிக்கும் இறுதிச் சடங்கு. மாமிக்கு டிக்கெட் எடுத்திருந்தோம். அதற்குள் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் வந்து விமானமெல்லாம் நின்றுவிட்டது. பெரிய பெரிய நாட்டுத் தலைவர்களே போகமுடியவில்லை. ஹீத்ரோ விமானச் சத்தமே இல்லாத அந்த ஞாயிறு, பக்கத்து வீட்டுப் பிள்ளை கணினியைத் தொலைக்காட்சியில் பொருத்தி, போலந்து ஒளிபரப்பைப் போட்டுத் தந்தான். மொழி தெரியாமலே பன்னிரண்டு பேர் மாமியோடு கடைசி வரைக்கும் இருந்தீர்கள். வாவெல் பேராலய மணி அடித்தபோது அவர் எழுந்தார், நீங்களும் எழுந்தீர்கள். அதை நானும் என் மனைவியும் மறக்கமாட்டோம்.

எல்லாருக்கும் எங்கள் நன்றி. பாத்திரங்களைக் கழுவி, யாருடையது எது என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறோம். வெறும் சட்டியாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது மாமிக்கும் தெரிந்திருக்கிறது. கசகசா ரொட்டி செய்துகொண்டிருக்கிறார். சனிக்கிழமை பின்னேரம் வாருங்கள், தேத்தண்ணியும் இருக்கும்.