புதரை வழித்தெடுக்கும் முன்: காடு வளர்க்கும் ஒருவருக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வேலியிட்டு, மேய்ச்சலை நிறுத்தி, நீங்கள் மீட்டெடுத்துவரும் நிலத்தின் மேற்குப் பகுதியில் எஞ்சியுள்ள முட்புதரை எந்திரம் வைத்து வழித்துவிட்டு மரக்கன்றுகள் நடப்போவதாகச் சொன்னீர்கள். அந்த முடிவை நீங்கள் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். அங்கே பறவை பார்க்க என்னை அனுமதித்தவர் நீங்கள். பார்த்ததை உங்களிடம் சொல்லாமல் இருப்பது முறையாகாது.

காரையும் சூரையும் சங்கஞ்செடியும் பின்னிக் கிடக்கும் அந்தப் புதரில் முதலில் காதைத்தான் நம்ப வேண்டும். திடீரெனக் கொப்பளித்து எழுந்து சட்டென அடங்கும் குரல் வெண்புருவச் சின்னானுடையது. தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இப்பறவை அடர்புதரை விட்டு வெளியே வருவது அரிது. அசையாமல் நின்றால், இளம்பச்சை அலகும் கண்ணைச் சுற்றி நீலத் தோலுமாகப் பச்சைவாயன் கிளைகளுக்கு ஊடே நழுவிச் செல்வதையும் காணலாம். குயில் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் அது பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடுவதில்லை. இத்தகைய முட்புதரில் சுள்ளிகளை அடுக்கித் தானே கூடு கட்டுகிறது. நீங்கள் நடும் கன்றுகள் ஒரு கூட்டை மறைக்கும் அளவுக்குத் தழைக்கும்வரை அது எங்கே போகும்?

கன்றுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மழைக்குப் பின் அங்குள்ள வெள்வேல மரத்தடியில் குனிந்து பாருங்கள். கிளைக்கு நேர் கீழே உள்ள கல்லில் பழச்சாறு கலந்த எச்சம் காய்ந்து, அதில் விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சுற்றிலும் வேம்பும் சந்தனமும் முளைவிட்டிருக்கும். அவற்றை யாரும் நடவில்லை. பழம் தின்ற சின்னானும் குயிலும் வந்தமர்ந்த இடம் அது. சந்தனமோ பிற செடிகளின் வேரிலிருந்து நீரையும் உப்புகளையும் உறிஞ்சி வளரும் ஒட்டுண்ணி. இளங்கன்றுக்கு அருகில் துணைச்செடி இருந்தாக வேண்டும், ஆடுமாடுகளின் வாயிலிருந்து காக்க முள்ளும் இருந்தால் நல்லது. இரண்டையும் அந்தப் புதர் தருகிறது. அதை அகற்றினால், கூலி கேட்காமல் காடு வளர்ப்பவர்களையும் சேர்த்தே வெளியேற்றுகிறீர்கள்.

புதரை ஒட்டிய சரளைத் திட்டையும் விட்டுவைக்க வேண்டுகிறேன். மரமில்லாத வெறுந்தரை என்று நமக்குத் தோன்றும் இடத்தில்தான் மஞ்சள்மூக்கு ஆட்காட்டி வழக்கமாக நான்கு முட்டைகள் இடுகிறது. கூழாங்கற்களோடு நிறம் ஒன்றிப்போவதால், காலடிக்கு அருகில் இருந்தாலும் அவை கண்ணில் படா. பக்கி என்னும் இரவுப் பறவையோ கூடே கட்டாமல் மண்ணின் மேல் முட்டையிட்டு, சருகோடு சருகாக அமர்ந்து பகலைக் கழிக்கிறது. எல்லா இடத்திலும் மரம் வந்துவிட்டால் இவை வெளியேறிவிடும். 2019-இல் வெளியான இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பும் புதர்நிலத்தைத் தரிசுக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறது. அந்தக் கணக்கு, அங்கே வாழும் உயிர்களைக் கேட்டு எழுதப்பட்டதன்று.

சீமைக்கருவேலத்தை அகற்ற வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதை ஒரேயடியாகச் செய்யாமல், சிறு சிறு பகுதிகளாக, வேரோடு, ஆட்களைக் கொண்டு செய்யுங்கள். ஆட்காட்டிகள் தரையில் அடைகாக்கும் மார்ச் முதல் ஜூலை வரை அந்தப் பக்கம் எந்த வேலையும் வேண்டாம். மரம் நட்டே தீர வேண்டுமென்றால், புதர் ஏற்கெனவே அழிந்து மண் அரித்துப்போன கிழக்குச் சரிவில் நடலாம். அங்கே உண்மையிலேயே தேவை இருக்கிறது.

எந்திரத்துக்குச் சொல்லியனுப்பும் முன் ஒரு விடியற்காலையில் என்னோடு அந்தப் பக்கம் வாருங்கள். தொலைநோக்கியை நான் கொண்டுவருகிறேன். நீங்கள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள பறவை ஆர்வலன்